கத்தோலிக்கப் பங்குக் கோவிலுக்குள் போனால் எதை எப்படிப் பார்ப்பது

பூசை நேரத்தில் போகாதீர்கள். வார நாளில் காலைப் பூசை முடிந்து, கதவைச் சாத்துவதற்குள் கொஞ்ச நேரம் கிடைக்கும், அதுதான் சரி. கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பாடகர் மாடத்துக்கு ஏறும் மாடிச் சாவி பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும்.

நேராகப் பூசை நடக்கும் பீடத்துக்குப் போய்விடாமல் வாசல் தீர்த்தத் தொட்டி பக்கமே நின்று வளைவுகளைப் பாருங்கள். மேலே கூராக முடிந்தால் கோதிக் பாணி. புதுச்சேரியில் 1907இல் மந்திரிக்கப்பட்ட (அதாவது ஆசீர்வதித்துத் திறக்கப்பட்ட) திரு இருதய ஆண்டவர் கோவில் இதற்கு நல்ல உதாரணம்: 24 தூண்கள், புனிதர்களைத் தீட்டிய 28 வண்ணக் கண்ணாடிகள். கூர் வளைவு அழகுக்கு மட்டுமில்லை. அரைவட்ட வளைவைவிட அது பாரத்தைப் பக்கவாட்டில் குறைவாகத் தள்ளும், மிச்சத்தை வெளியே இருக்கும் முட்டுச்சுவர்கள் தாங்கிக்கொள்ளும், அதனால்தான் சுவரில் அவ்வளவு பெரிய ஜன்னல் வைக்க முடிந்தது.

அப்புறம் பீடம் எத்தனை என்று எண்ணுங்கள். பழைய கோவில் என்றால் பெரும்பாலும் இரண்டு இருக்கும்: பின்சுவரை ஒட்டி, புனிதர் சிலைகள் (சுரூபங்கள்) வைக்கும் மாடங்களோடு உயரமாக ஒன்று, அதற்கு முன்னால் மேசை மாதிரி ஒன்று. வழிபாட்டு முறைகளை மாற்றிய 1962–65 இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (ஆயர்கள் கூடிய மாநாடு) முன் குருவானவர் சுவரைப் பார்த்தபடி லத்தீனில் பூசை வைத்தார், பிறகுதான் மக்களைப் பார்த்துத் திரும்பினார், அதற்காக வந்தது இந்த இரண்டாவது பீடம். மக்கள் முழந்தாளிட்டு நன்மை (பூசையில் தரும் அப்பம்) வாங்கிய கிராதியையும், அதாவது பீடத்துக்கு முன்னாலிருந்த தடுப்புக் கம்பி வரிசையையும், பல ஊர்களில் அப்போது எடுத்துவிட்டார்கள். தரையில் குறுக்கே நிறம் மாறிய ஒரு வரிசைக் கல் தெரிந்தால் அது கிராதி இருந்த இடமாக இருக்கலாம். தூணோடு ஒட்டி உயரத்தில் பிரசங்க மேடை தப்பியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். மைக் இல்லாத காலத்துக் கட்டுமானம் அது, தலைக்கு மேல் இருக்கும் பலகைக் கூரை குரலைக் கீழே திருப்பிவிடும்.

கட்டடத்தின் வடிவத்தையும் விட்டுவிடாதீர்கள். சிலுவை வடிவம்தான் வழக்கம். ஆனால் நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கால்சட்டை மாதிரி இரண்டு கூடங்கள் வைத்துக் கட்டினார்கள்: ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார், பீடம் இரண்டு பேருக்கும் தெரியும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. இரண்டு கூடங்களையும் பிரித்த சுவரை 1910இல் இடித்தார்கள், அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஆகவே எந்தக் கோவிலிலும் பக்கவாட்டு வாசல்களைப் பார்த்தால், யார் எந்த வழியாக வந்தார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள்.

இயேசு சிலுவை சுமந்து போனதைக் காட்டும் சிலுவைப் பாதையின் 14 நிலைகள், உபயம் எழுதிய பெஞ்சுகள், ஃபேன்கள் எல்லாம் போகிற போக்கில் பார்க்கலாம். தரையில் மட்டும் பார்த்து நடங்கள், பழைய பங்குச் சாமியார்களின் கல்லறைக் கற்கள் கிடக்கும். கடைசியாகப் பாடகர் மாடத்துக்கு ஏறுங்கள், முழுக் கோவிலும் ஒரே படத்தில் அடங்குவது அங்கிருந்துதான். படம் எடுக்கப் பங்குத்தந்தையிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.