வைரஸ் போனபின் விண்டோஸ் எழவில்லையா? ஃபார்மட் அடிக்க அவசரப்படாதீர்கள்

மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்தால் சம்பா காப்பீட்டுக்காக அடங்கல், சிட்டா, பாஸ்புக் என்று ஊர்ப் பென்டிரைவ் எல்லாம் இன்டர்நெட் சென்டர்களுக்குள் போய் வரும். கூடவே வைரஸும் வரும். போன வருடம் நீடாமங்கலத்தில் சென்டர் நடத்தும் தங்கச்சி ஒருத்தி, கொட்டுகிற மழையில் சிபியுவை உரச்சாக்கில் சுற்றி எடுத்து வந்தாள்.

"அண்ணே, ஆன்டிவைரஸ் போட்டு எல்லாத்தையும் அழிச்சிட்டேன். இப்ப பாஸ்வேர்ட் போட்டா உள்ள போன வேகத்துல வெளிய தள்ளுது. ஃபார்மட்தான்னு சொல்றாங்க. மூணு வருஷ ஃபைல் இருக்குண்ணே."

முதலில் ஃபைல்களைக் காப்பாற்றுங்கள். லாகின் திரை வந்தால், ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். அதுவரைகூட வரவில்லையென்றால், லோகோ தெரியும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ரிப்பேர் திரை தானே வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் ப்ராம்ப்ட். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்டால், உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் தேடிப் பாருங்கள். கறுப்புத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஃபைல் மெனுவில் ஓப்பன் போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' வையுங்கள். டிரைவ் எல்லாம் தெரியும். ரைட் கிளிக்கில் காப்பி செய்து பென்டிரைவில் பேஸ்ட் செய்யலாம். டாக்குமென்ட், படம் மட்டும் போதும். இஎக்ஸ்இ என்று முடியும் புரோகிராம் ஃபைல் எதையும் தொடாதீர்கள்.

அப்புறம் அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில், கம்ப்யூட்டரைப் பழைய தேதியின் நிலைக்குக் கொண்டுபோகும் சிஸ்டம் ரீஸ்டோர் பாருங்கள். பழைய தேதி இருந்தால் பாதி வேலை முடிந்தது. அவள் மெஷினில் அது ஆஃப் செய்து கிடந்தது.

உள்ளே போய் வெளியே வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: லாகின் ஆனதும் விண்டோஸ் யூசர்இனிட் என்ற ஃபைலைக் கூப்பிடும். விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், அந்த இடத்தில் வைரஸ் தன் பெயரை எழுதிவிடும். ஆன்டிவைரஸ் அந்த வைரஸை அழித்துவிட்டது, எழுதிய பெயர் அப்படியே நிற்கிறது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ரெஜ்எடிட் திறந்து, லோக்கல் மெஷினைத் தேர்வு செய்து, லோட் ஹைவ் வழியாக விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் ஃபோல்டரில் உள்ள சாஃப்ட்வேர் ஃபைலை ஏதாவது ஒரு பெயரில் ஏற்றுங்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்வெர்ஷன், வின்லாகன். யூசர்இனிட்டுக்கு நேரே சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கும் யூசர்இனிட் இஎக்ஸ்இ-யின் முழுப் பாதை இருக்க வேண்டும், கடைசியில் ஒரு கமாவோடு. ரிப்பேர் திரை சி டிரைவை டி என்று காட்டலாம். அப்போதும் பாதையில் சி என்றே எழுதுங்கள். ஷெல்லுக்கு நேரே எக்ஸ்ப்ளோரர் இஎக்ஸ்இ மட்டும். முடித்து அன்லோட் ஹைவ் கொடுங்கள்.

'ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை' என்று வந்தால் அது வேறு கேஸ். ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட விடுங்கள்.

எழுந்ததும் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஒருமுறை கட்டாயம். பேங்க் பாஸ்வேர்டை வேறொரு சுத்தமான போனில் மாற்றுங்கள். அந்தத் தங்கச்சி என் கடையிலேயே உட்கார்ந்து மாற்றிவிட்டு, மழை விட்டதும் கடைசி பஸ்ஸில் சிபியுவோடு ஊருக்குப் போனாள்.