மேன்ஷன் ரூமை மத்தியானத்தில் பார்க்காதீர்கள்

வேலை தேடியோ கோச்சிங் வகுப்புக்கோ சென்னைக்கு வரும் பையன்களில் நிறையப் பேர் முதலில் பெட்டியை இறக்குவது திருவல்லிக்கேணி மேன்ஷனில்தான். மேன்ஷன் என்றால் பங்களா அல்ல, ஆண்கள் மாத வாடகைக்கு ரூம் எடுத்துத் தங்கும் விடுதி. மெஸ், பஸ், பறக்கும் ரயில், மெரினா எல்லாம் நடக்கிற தூரம். வாடகையும் கையைக் கடிக்காது. ஆனால் ரூம் பார்க்கப் போகிற நேரத்திலேயே பலர் கோட்டை விடுகிறார்கள்.

எழும்பூரில் இறங்கி, டிபன் முடித்து, பதினொரு மணிக்குப் போய் நிற்பார்கள். அந்நேரம் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பதால் வராந்தா காலி, பாத்ரூம் காலி. அதே மாடிக்குக் காலை ஏழரைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வாளியும் துண்டுமாக எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். மோட்டார் எப்போது போடுகிறார்கள், கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்பதை மேனேஜரிடம் அல்ல, வரிசையில் நிற்பவரிடம் கேளுங்கள். 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது சென்னையின் ஹாஸ்டல்களும் மேன்ஷன்களும் தண்ணீருக்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. குழாய்த் தண்ணீரில் முகம் கழுவிப் பாருங்கள். உப்புத் தண்ணீர் என்றால் அங்கேயே தெரியும்.

அடுத்த தவறு, மெத்தையின் மேல்விரிப்பைப் பார்த்துத் திருப்தியாகிவிடுவது. விரிப்பைத் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தை செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. கட்டில் இடுக்கு, சுவிட்ச் போர்டு ஓரம் எல்லாம் அது ஒளியும் இடங்கள். "மருந்து அடிச்சிருக்கு தம்பி" என்பார்கள். நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஒருமுறை துணிப்பையில் ஏறிவிட்டால் ஊரில் உள்ள வீடு வரை வந்துவிடும்.

அட்வான்ஸுக்கு ரசீது கேட்கக் கூச்சமே வேண்டாம். காலி செய்யும்போது பெயின்ட், மெயின்டனன்ஸ் என்று எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பதை அதிலேயே எழுதி வாங்குங்கள். கதவுக்குச் சொந்தப் பூட்டு போடுங்கள். ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு எண்கள் மறைந்த ஆதாரை டவுன்லோடு செய்து, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

பெண்கள் விடுதி தேடுபவர்கள் லைசென்ஸைப் பார்க்காமல் சேரவே கூடாது. தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளிர் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். கேட்டதும் முகம் சுளிக்கும் விடுதியில் மகளை விட்டுவிட்டு எந்த அப்பாவும் நிம்மதியாக ஊர் திரும்ப முடியாது.

பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் அதையும் கேளுங்கள். தொடர்ந்து 90 நாளாவது தங்குபவருக்கு, மாதம் 20,000 ரூபாய் வரையிலான தங்கும் கட்டணத்துக்கு 2024 ஜூலையிலிருந்து அந்த வரி கிடையாது.