உப்புக்காத்து ஊர்ல மாடியை மழைக்கு முன்னாடியே பாத்து வைக்கிறது எப்படி

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டின்னு கடல் ஓரமா வீடு இருக்கவங்க ஐப்பசி மழையில ஒழுக ஆரம்பிச்ச பிறகுதான் கொத்தனாரை தேடுறோம், அப்ப அவருக்கும் நேரம் இருக்காது, ஈரத்துல பூசுனது ஒட்டவும் ஒட்டாது. ஆவணி, புரட்டாசி வெயில்லயே வேலையை முடிச்சிருங்க. 2024 நவம்பர் 20 அன்னைக்கு ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த மாதிரி மழை இனியும் வரும்.

மாடிக்கு ஏறுறதுக்கு முன்னாடி டார்ச் எடுத்துக்கிட்டு கீழ நின்னு அண்ணாந்து பாருங்க. நம்ம பக்கம் கூரையை அதிகமா தின்னுறது உப்புதான். அது கான்கிரீட்டுக்குள்ள இறங்கி கம்பியை துருப்பிடிக்க வைக்கும், துரு பழைய கம்பியை விட கூட இடம் கேக்கும், அதனால உள்ள இருந்தே நெட்டித் தள்ளி காரை பேந்து விழும். மழை படுற இடத்துல உப்பு ஓரளவு கழுவிப் போயிரும், சன்ஷேடுக்கு அடியில, போர்டிகோ சீலிங்ல எல்லாம் மழையே படாது, உப்பு அங்கயே உக்காந்திருக்கும், முதல்ல கெட்டுப்போறதும் பெரும்பாலும் அங்கதான். கம்பி போற போக்குல நேர்கோடா விரிசல் இல்ல பழுப்புக் கறை இருக்கான்னு பாருங்க, சின்ன சுத்தியலால தட்டுங்க, பொக்குன்னு சத்தம் வந்தா உள்ள விட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

அப்படி இருக்க இடத்துல சும்மா மேல சிமெண்ட் அப்புறவங்களை விடவே விடாதீங்க, அடுத்த வருசமே பேந்துரும். விட்டுப்போன காரையை எல்லாம் உடைச்சு, கம்பியோட பின்பக்கம் வரைக்கும் தோண்டி, ஒயர் பிரஷ்ல துரு போற வரைக்கும் தேச்சு, துரு தடுக்கிற பிரைமர் அடிச்சு, பாலிமர் கலந்த கலவையால பூசணும். கம்பி கண்ணுக்குத் தெரியுற அளவு இளைச்சிருந்தாலே கொத்தனார் போதாது, இன்ஜினியரை கூட்டியாந்து காட்டுங்க. கலவைக்கும், பூசுன பிறகு நனைச்சு வைக்கிற க்யூரிங்குக்கும் போர் உப்புத்தண்ணி வேணாம், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு கான்கிரீட்டுக்கான இந்திய தரவிதி ஐ.எஸ். 456 சொல்லுது, நம்ம போர் பல இடத்துல அதைத் தாண்டிரும். நல்ல தண்ணிக்கு காசு குடுக்கிறது எனக்கு வீண் செலவா தெரியல. கடல் மணலும் அப்படித்தான், தொடவே தொடாதீங்க.

இப்ப மேல ஏறுங்க. மேற்குப் பக்கம் இருந்து வர்ற கச்சான் காத்து அடிச்சு மணலும் வேப்பஞ்சருகும் மழைத்தண்ணி குழாய் வாயை அடைச்சிருக்கும், அள்ளிட்டு ரெண்டு வாளி தண்ணி ஊத்துங்க, எங்க தேங்குதுன்னு சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. குழாயைப் பாத்து பத்தடிக்கு ஒன்றரை இன்ச்சாவது வாட்டம் இருக்கணும். கைப்பிடிச்சுவரும் தளமும் சேர்ற மூலையிலதான் விரிசல் அதிகம் விடும், அதை கொஞ்சம் கொத்தி அகலப்படுத்தி அடைச்சு, மூலையை சரிவா பூசிருங்க. அரசங்கன்னு முளைச்சிருந்தா வேரோட எடுக்கணும், மேல வெட்டினா திரும்ப தழைக்கும். டேங்க் நிரம்பி வழியிற தண்ணியும் தளத்துல ஓடக்கூடாது, குழாய் போட்டு கீழ இறக்குங்க.

மாடியில கருவாடு காயப்போடுற வீடுகளுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், உப்புத்தண்ணி சொட்டி நேரா தளத்துலதான் இறங்குது. உயரமா பந்தல் கட்டி, வலை போட்டு காயவைங்க, கீழ தார்ப்பாய் விரிங்க, எடுத்ததும் தளத்தை நல்லதண்ணியில கழுவி விடுங்க.

ஷீட் கூரைன்னா போல்ட்டும் வாஷரும்தான் முக்கியம். வெயில்ல ரப்பர் வெடிச்சிரும், அதை மட்டும் மாத்தினாலே பாதி ஒழுக்கு நிக்கும். ஓட்டையை ஷீட்டோட மேட்டுல போடணும், பள்ளத்துல போட்டா தண்ணி உள்ள இறங்கிரும். வாடைக்காத்து ஓர ஷீட்டைத்தான் முதல்ல தூக்கும், அங்க போல்ட்டை நெருக்கமா போடுங்க, முடிஞ்சா ஸ்டெயின்லெஸ் வாங்குங்க. ஆஸ்பெஸ்டாஸ் மேல நேரா கால் வைக்காதீங்க, பலகை போட்டு அது மேல நடங்க, ஏறுறவர் இடுப்புல கயிறு இல்லாம ஏற விடாதீங்க.