மெக்னீசியத் தகடு: திசையைக் கவனிக்காமல் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங் பக்கம் தகட்டு வேலை செய்யும் நம்மவர்களுக்கு அலுமினியம் கைப்பழக்கம். பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அதே பழக்கத்தில் ஏஇசட்31 என்ற மெக்னீசியக் கலவைத் தகட்டைத் தொட்டால் சிக்கல்.

“உருட்டும்போது மணிகள் (உலோகத்துக்குள் இருக்கும் சிறு படிகங்கள்) நீண்டுவிடும், அதனால்தான் திசைக்குத் திசை வலிமை மாறுகிறது” என்று சொல்வார்கள். அது சரியல்ல. ஆனீல் செய்து, அதாவது சூடாக்கிப் பதப்படுத்தி, மணிகள் சீரான வடிவத்துக்கு வந்த பிறகும் வேறுபாடு போகாது. படிகங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதுதான் காரணம். மெக்னீசியத்தின் படிகம் அறுகோண வடிவம். உருளைகளுக்கிடையே நசுங்கி வரும்போது பெரும்பாலான படிகங்களின் அச்சு தகட்டின் தடிமன் திசையில் நிமிர்ந்துவிடும், அச்சுக்குச் செங்குத்தான அறுகோணத் தளங்கள் (அடித்தளங்கள்) தகட்டுக்கு இணையாகப் படுத்துவிடும். அறை வெப்பநிலையில் சுலபமாக வழுக்குவது அந்தத் தளங்கள்தான். அடுக்கிய வெற்றிலையைப் பக்கவாட்டில் தள்ளினால் நழுவும், மேலிருந்து அழுத்தினால் நழுவாது. அதே கதைதான்.

அச்சுகள் எல்லாமே நேராக நிற்பதில்லை. சில சாயும், அதுவும் உருட்டிய திசைப் பக்கமே கூடுதலாக. அதனால் குறுக்குத் திசையில் இழுத்தால் தகடு பொதுவாகக் கூடுதலாகத் தாங்கும். உருட்டிய திசையில் மட்டும் துண்டு வெட்டிச் சோதித்துவிட்டு “இதுதான் இந்தத் தகட்டின் வலிமை” என்று அறிக்கை எழுதாதீர்கள். உருட்டிய திசைக்கு 0, 45, 90 பாகை மூன்றிலும் வெட்டுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது அடுத்த தவறு: இழுவிசைச் சோதனையில் கிடைத்த எண்ணை அமுக்கத்துக்கும் போடுவது. தகட்டின் நீளவாக்கில் அமுக்கும்போது படிகத்துக்குள் ஒரு பகுதி சுமார் 86 பாகை புரண்டு இரட்டைப் படிகமாகிவிடும். அதற்கு அதிக விசை தேவையில்லை. இழுக்கும்போது தாங்கியதில் ஏறக்குறைய பாதியிலேயே அது விட்டுக்கொடுத்துவிடும்.

பிரேக் எனும் வளைக்கும் இயந்திரத்தில் தகட்டை வளைக்கும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் அமுங்குகிறது. உட்பக்கம் சீக்கிரம் தளர்வதால் நீளவும் செய்யாமல் குறுகவும் செய்யாமல் இருக்கும் நடுநிலை அடுக்கு வெளிப்பக்கமாக நகரும், வளைவில் தகடு தடிக்கவும் செய்யும். கே-ஃபாக்டரை (உட்பக்கத்திலிருந்து நடுநிலை அடுக்கு வரையுள்ள தூரத்தைத் தடிமனால் வகுத்த எண்) 0.5க்குக் கீழே வைக்கும் அலுமினியக் கணக்கைப் போட்டால் வெட்டிய நீளம் தப்பிப்போகும். குளிர்நிலையிலேயே இறுக்கமாக வளைத்தால் வெளி விளிம்பில் வெடிப்பு விழும். 200 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் மற்ற தளங்களும் வழுக்கத் தொடங்கும், திசை வேறுபாடும் குறையும்.

அப்புறம், மிச்சத் துண்டுகள். திசையைக் குறிக்காமல் ரேக்கில் போட்டால் பிறகு வெறும் கண்ணால் பார்த்து நம்பிச் சொல்ல முடியாது. வெட்டும் முன்பே மார்க்கரால் அம்புக்குறி போடுங்கள். எந்தத் திசையிலும் ஒரே மாதிரி நடக்கும் தகடுதான் வேண்டுமென்றால், சீரியம், இட்ரியம், கடோலினியம் போன்ற அருமண் தனிமங்கள் கொஞ்சம் சேர்த்த கலவையைக் கேட்டு வாங்குங்கள். அவற்றில் படிகங்கள் இவ்வளவு ஒரே பக்கமாக அடுக்கி நிற்பதில்லை.