கட்டிலுக்கு அடியில் ஒளிந்த நாய்: தெருநாயைத் தத்தெடுப்பவர்களுக்கு ஒரு செய்முறை

எங்கள் வீடு கிருஷ்ணகிரியில், பெங்களூரு நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. அந்த ரோட்டில் இருந்த பஞ்சர் கடைதான் செவலை என்ற தெருநாய்க்கு வீடு. ஏதோ வண்டி மோதி, பின்னங்கால் கோணலாகக் கூடியிருந்தது. கடைக்காரத் தம்பி பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு வளர்த்தார். ஒருநாள், "கடைய மூடறேன்க்கா, எடுத்துக்கினு போயிடுங்க. இல்லன்னா லாரியில சிக்கிக்கும்" என்றார். கூட்டிவந்துவிட்டேன். அடுத்த மூன்று வாரத்தில் கற்றதைத்தான் எழுதுகிறேன். குட்டியாக இல்லாமல், வளர்ந்த தெருநாயை எடுப்பவர்களுக்கு இது அதிகம் உதவும்.

படி 1: முதலில் மருத்துவர், அப்புறம் வீடு

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அரசு கால்நடை மருந்தகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ஈறு வெளுத்திருக்கிறதா, தோலில் சொறி இருக்கிறதா, காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளுத்த ஈறும் சோர்வும் சேர்ந்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை தேவைப்படும். பூச்சி மருந்தும் வெறிநாய்த் தடுப்பூசியும் கட்டாயம். ஊசி வருடந்தோறும் போட வேண்டும். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களை ஒட்டி அரசு மருந்தகங்களில் இலவச ஊசி முகாம் நடப்பது வழக்கம், விசாரித்து வையுங்கள். காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை செய்து, ஊசியும் போட்டுத் திரும்ப விட்ட நாய் என்று அர்த்தம். அப்படியிருந்தாலும் இந்த வருட ஊசி இந்த வருடத்துக்கு வேண்டும்.

குட்டி என்றால் பார்வோ என்ற ரத்தக்கழிச்சல் நோய்க்கு எதிரான ஊசியை ஆறேழு வார வயதிலிருந்தே தொடங்க வேண்டும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முன்பு ஒரு குட்டி ரத்தக்கழிச்சலில் இறந்த வீடு என்றால், தரையை பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவாமல் புதுக் குட்டியை உள்ளே விடாதீர்கள்.

நம் பக்கத்தில் சொறிக்கு மண்ணெண்ணெயும் வண்டியின் பழைய ஆயிலும் தடவுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தோல் வெந்துபோகும், நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். உண்ணிக்கு, எடை பார்த்துக் கொடுக்கும் மாத்திரைதான் என் தேர்வு. பவுடரை நாய் நக்கிவிடும், வீட்டில் பிள்ளைகள் வேறு தொடுவார்கள்.

படி 2: வாங்க வேண்டியவை

இரும்புச் சங்கிலி வாங்காதீர்கள். அந்தச் சத்தமே புது நாயை மிரட்டும். மாட்டுக் கயிறு விற்கும் கடையில் கிடைக்கும் பருத்தி நூல் கயிறு, பெருவிரல் தடிமனில், இரண்டு பாகம் நீளம் போதும் (இரு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம்). நைலான் கயிறு இழுக்கும்போது உள்ளங்கையை அறுத்துவிடும். கழுத்துப்பட்டையோடு, மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸும் வாங்குங்கள். ஏன் இரண்டும் என்பது படி 5இல். தண்ணீருக்கு அகல வாய் மண்சட்டி. எவர்சில்வர் கிண்ணம் தரையில் நகர்ந்து கிறீச்சிட்டதில் செவலை ஒருநாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை.

படி 3: அது வெளியே வரும்வரை காத்திருப்பது

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

வீட்டுக்குள் வந்ததும் செவலை நேராக இரும்புக் கட்டிலுக்கு அடியில் போய், சுவரோரம் அரிசி மூட்டைக்குப் பின்னால் சுருண்டுகொண்டது. அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. "நாய் செத்துகித்துப் போயிடப்போவுது, வெளிய இழு" என்றார் அம்மா. எனக்கும் அதே பயம். கட்டிலுக்கு அடியில் படுத்து, கையை நீட்டி, கழுத்துப்பட்டையைப் பிடித்தேன். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு பல் இறங்கியது.

கடிப்பதற்கு முன் அது என்னிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. கொட்டாவி விட்டது, தூக்கம் வருகிறது என்று நினைத்தேன். எதுவும் தின்னாமலே மூக்கை நக்கிக்கொண்டது. பசி என்று நினைத்தேன். தலையை ஒருபக்கம் திருப்பி, கண்ணை மட்டும் என் பக்கம் உருட்டியதில் வெள்ளை முழி பிறைபோலத் தெரிந்தது. கடைசியில் உடம்பு முழுக்கக் கட்டை மாதிரி அசையாமல் நின்றது. அதைப் பார்த்து, அடங்கிவிட்டது என்று நினைத்தேன். இந்த நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், "கிட்டே வராதே" என்று நாய் நான்கு முறை சொல்லிவிட்டது. உறுமல் அதற்கு அடுத்தது. தெருவில் உறுமியதற்கு அடி வாங்கியே வளர்ந்த நாய், உறுமாமல் நேராகக் கடிக்கும். அதனால் உறுமும் நாயை அதட்டாதீர்கள். அது உறுமிச் சொல்வது நமக்கு நல்லது.

கடி பட்டவர்கள் உடனே செய்ய வேண்டியது: குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஊசி இலவசம். எனக்கு முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று தோலில் போட்டார்கள். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி, கிருமியை உடனே தடுக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட்டார்கள். நாய் நன்றாகத்தானே இருக்கிறது, பத்து நாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பலித்தது. தினமும் மாலை கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, செய்தித்தாளைத் தாழ்ந்த குரலில் வாசிப்பேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். வேகவைத்த கோழி ஈரலை விரல்நகம் அளவுக்கு நறுக்கி, தோளுக்கு மேலாகப் பின்னால் ஒவ்வொன்றாக எறிவேன். இருபது நிமிடம், அவ்வளவுதான், எழுந்து போய்விடுவேன். நான்காம் நாள் இரவு இரண்டு மணிக்குச் சிமெண்ட் தரையில் நகம் உரசும் சத்தம் கேட்டது. மண்சட்டியில் நாக்கு தண்ணீரை அள்ளும் சத்தம் நெடுநேரம் நிற்கவே இல்லை. எழுந்து பார்க்க ஆசைதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்தே கிடந்தேன். ஒன்பதாம் நாள் மாலை, ஈரலைத் தின்றுவிட்டு, என் பாதத்தின்மேல் தாடையை வைத்தது. நான் தடவவில்லை. தடவாமல் இருங்கள். அதுவாக இன்னொரு முறை வரட்டும்.

மூன்று நாள் பயம், மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் வீடு என்று நாய் மீட்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். செவலைக்கு முதல் மூன்று நாள் ஒன்பதானது.

படி 4: சாப்பாடு

களி உருண்டை இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிறது. நன்றாக ஆறிய ராகிக் களியோடு வேகவைத்த கோழியும் கொஞ்சம் பூசணியும் பிசைந்து கொடுக்கிறேன். களி மட்டும் போதாது, புரதம் வேண்டும். முதல் வாரம் அது ஏற்கெனவே தின்றதையே கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் கழியும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகாது. வேகவைத்த எலும்பு ஈட்டிபோலப் பிளந்து குடலைக் குத்தும்.

படி 5: வெளியே கூட்டிப்போவது

பதினைந்தாம் நாள், ஒரு லாரியின் ஏர்ஹாரனுக்குச் செவலை பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டது. என் கையில் வெறும் பட்டைதான் இருந்தது. நாலு மணி நேரம் தேடியலைந்து, மூடிக்கிடந்த பழைய பஞ்சர் கடை வாசலில் கண்டுபிடித்தேன். ஓடிப்போன நாயைத் துரத்தாதீர்கள், இன்னும் வேகமாக ஓடும். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன், அதுவே வந்தது. அன்றிலிருந்து கயிற்றின் ஒரு முனை ஹார்னஸில், மறுமுனை கழுத்துப்பட்டையில், நடுவை நான் பிடிக்கிறேன். ஒன்று கழன்றாலும் இன்னொன்று நிற்கும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி போதும். தை, மாசியில் எருது விடும் விழா நடக்கும் நாளிலும் தீபாவளியிலும் வெளியே கூட்டிப்போகவே வேண்டாம். உள்ளறையில் மின்விசிறியை வேகமாக வைத்து, கூடவே இருங்கள்.

பூனை என்றால்

பூரணி அடுத்த வருடம் வந்தாள், ஒரு மாந்தோப்பு ஷெட்டிலிருந்து. பூனை தூக்க கூண்டு வாங்க வேண்டியதில்லை. தக்காளி, மாம்பழம் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டை வாயோடு வாய் வைத்துக் கட்டினால் காற்றோட்டமான கூண்டு தயார். முதல் இரண்டு வாரம் ஒரே ஓர் அறையில் வையுங்கள், மூலையில் ஒரு தட்டு மணல், அதிலுள்ள கழிவைத் தினமும் அள்ளிப் போடுங்கள். நாய்க்கும் பூனைக்கும் வால் பாஷை வேறு. பூனை வாலைச் சுழற்றினால் எரிச்சல், கம்புபோல நிமிர்த்தி வந்தால் நட்பு. மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால், நீங்களும் அப்படியே மூடித் திறங்கள்.

தயிர்சாதத்தில் பூனை வளர்க்க முடியாது. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு, அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். அணை மீன் வாங்கும்போது சின்ன மீனாகக் கொஞ்சம் கேட்டு, வேகவைத்து முள் எடுத்துக் கொடுக்கிறேன், கூடவே கோழி ஈரல். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். கருத்தடையைத் தள்ளிப்போடவும் வேண்டாம், நான்கைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும்.

பின்சேர்க்கை

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்து மிச்சமிருந்ததை நாய்க்கு ஊற்றினாராம், அதோடு ஒட்டிப் படுத்த பூனைக்கு உதறல் வந்துவிட்டதாம். படி 1இல் இதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. மாட்டு மருந்திலும் நாய் மருந்திலும் இருக்கும் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராஸ் மூன்றும் பூனைக்கு நஞ்சு. பூனையும் இருக்கும் வீடு என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி மருந்து வாங்குங்கள்.

இன்னொருவர் தட்டுக்கிட்டே போனாலே நாய் உறுமுகிறது என்றார். தட்டை எடுத்துப் பழக்காதீர்கள். கடந்து போகும்போதெல்லாம் தட்டில் ஓர் ஈரல் துண்டைப் போட்டுவிட்டு நிற்காமல் போங்கள். ஆள் வந்தால் சாப்பாடு கூடும் என்று அது புரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒன்று: மே, ஜூனில் மாங்கொட்டை. நாய் முழுசாக விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். விடாமல் வாந்தி, வெளிக்குப் போகாமல் முக்குவது, வயிறு இறுகுவது என்றால் உடனே மருத்துவமனை, அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம். எங்கள் வீட்டில் கொட்டை போடும் வாளிக்கு மூடி போட்டு, மேலே ஒரு செங்கல்லும் வைத்திருக்கிறோம்.