வேளாண் பொருளாதாரம் படிக்கிறீர்களா? மூட்டைக்கு எத்தனை கிலோ என்று முதலில் கேளுங்கள்

"பி.எஸ்சி. அக்ரி கிடைக்கவில்லை, அதனால் இதில் சேர்ந்தேன்" என்று சொல்லிக்கொண்டே வேளாண் வணிகப் படிப்புக்கு வருகிறவர்கள் உண்டு. வருவதில் தப்பில்லை. நான்கு வருஷமும் அதையே சொல்லிக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை. நமக்குக் கணக்கும் மார்க்கெட்டும் போதும் என்று உழவியல், மண்ணியல், பூச்சியியல் தாள்களை பாஸ் மார்க்கோடு தள்ளிவிடுவார்கள். அப்புறம் சாகுபடிச் செலவு போட உட்கார்ந்தால், ஒரு ஏக்கர் நடவுக்கு எத்தனை ஆள், களை எத்தனை தடவை என்று தெரியாமல் முழிப்பார்கள்.

நானும் முழித்தவன்தான். முதுநிலை ஆய்வுக்காக மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். கையில் பன்னிரண்டு பக்க வினாப்பட்டியல். எல்லாக் கட்டங்களிலும் "ஏக்கருக்கு" என்றே அச்சடித்திருந்தேன்.

"ஏக்கருக்கு எவ்வளவும்மா விளைஞ்சுது?"

"மாவுக்குப் பத்து மூட்டை கண்டுச்சு தம்பி."

பத்து என்று எழுதிக்கொண்டேன். எங்கள் ஊரில் மூட்டை என்றால் 75 கிலோ, அதனால் 750 கிலோ என்று பெருக்கியும் வைத்துவிட்டேன். டெல்டாவில் ஏறக்குறைய மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். அந்த அம்மா சொன்ன மூட்டையோ 60 கிலோ. அப்படியானால் ஏக்கருக்கு 30 மூட்டை, 1,800 கிலோ. அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் அதே நெல் 40 கிலோ சிப்பமாகி, 45 சிப்பம் என்று கணக்காகும். நான் பாதிக்கும் குறைவாக எழுதியிருந்தேன். அதை அப்படியே கணினியில் ஏற்றியிருந்தால், டெல்டா விவசாயி பெருநஷ்டத்தில் இருக்கிறார் என்று மூன்று தசம இடத் துல்லியத்தோடு சொல்லியிருக்கும். மா, குழி, வேலி, மூட்டை, சிப்பம் எல்லாவற்றையும் அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். எந்த அளவு, எத்தனை கிலோ என்று பக்கத்திலேயே குறித்துக்கொண்டு, மாற்றுவதை அறைக்கு வந்து செய்யுங்கள்.

அந்த அம்மா வீட்டுத் திண்ணையில்தான் இன்னொரு பாடமும் கிடைத்தது. செலவைக் கேட்டேன். டிராக்டர் உழவு, நடவுக் கூலி, உரம், அறுவடை மிஷின் என்று விரல் விட்டு எண்ணினார். "நீங்களும் ஐயாவும் பார்த்த வேலை?" என்றதற்குச் சிரித்துவிட்டார். "அதுக்கு யாருப்பா கூலி கொடுக்கறது?"

சாகுபடிச் செலவை ஏ2, எஃப்எல், சி2 என்று பிரித்து வகுப்பில் மனப்பாடம் செய்வதெல்லாம் இந்தச் சிரிப்பைப் பற்றித்தான். ஏ2 என்பது கையை விட்டுப் போன செலவு, குத்தகை கொடுத்திருந்தால் அதுவும் சேரும். அதோடு வீட்டாரின் உழைப்புக்கு (எஃப்எல்) மதிப்புப் போட்டுக் கூட்டினால் ஏ2+எஃப்எல். சொந்த நிலத்துக்கான வாடகையையும் சொந்த முதலுக்கான வட்டியையும் சேர்த்தால் சி2. குறைந்தபட்ச ஆதரவு விலை செலவைப் போல் ஒன்றரை மடங்கு இருக்கும் என்று 2018-19 பட்ஜெட்டில் அறிவித்த மத்திய அரசு எடுத்துக்கொண்டது ஏ2+எஃப்எல்லை. விவசாய சங்கங்கள் கேட்பது சி2-வின் மேல் ஒன்றரை மடங்கு. எந்தச் செலவு என்று சொல்லாமல் "ஏக்கருக்கு இவ்வளவு லாபம்" என்று ஆய்வேட்டில் எழுதினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியும் அங்கேதான் விழும்.

அடுத்தது இடைத்தரகர் மேல் எல்லாப் பழியையும் போடுவது. மேடைப் பேச்சுக்கு அது சரி. ஒட்டன்சத்திரத்தில் தக்காளி கிலோ 10 ரூபாய், சென்னையில் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருப்பவர்கள் 20 ரூபாய் அடித்துவிட்டார்கள் என்று முடித்துவிடாதீர்கள். 100 கிலோ வாங்க 1,000 ரூபாய். ஏற்றுகூலி, லாரி வாடகை, கமிஷன் எல்லாம் ஒரு 600. நசுங்கி அழுகியது 20 கிலோ போக விற்பது 80 கிலோதான். ஆக விற்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் அடக்கம் 20 ரூபாய். மிச்சம் 10 ரூபாயைத்தான் மொத்த வியாபாரியும் சில்லறைக் கடைக்காரரும் பிரித்துக்கொள்கிறார்கள். அது அதிகமா இல்லையா என்பது வேறு சண்டை, ஆனால் சண்டையை 10 ரூபாய்க்குப் போடுங்கள், 20-க்கு அல்ல.

விலைத் தரவில் வழுக்கும் இடங்களும் உண்டு. மண்டி விலைகளை வெளியிடும் மத்திய அரசின் இணையதளமான அக்மார்க்நெட்டில் வரும் 'மோடல்' விலை சராசரி அல்ல. அன்றைக்குப் பெரும்பகுதிச் சரக்கு எந்த விலைக்குக் கைமாறியதோ அது. வரத்து எத்தனை டன் என்று பார்க்காமல் விலையை மட்டும் இறக்கிக்கொண்டு போவதும், 2005 விலையையும் 2020 விலையையும் பணவீக்கத்தைக் கழிக்காமல் ஒப்பிடுவதும் வருஷா வருஷம் நடக்கிறவை.

வணிகத் திட்டம் எழுதுகிறவர்கள் மாதா மாதம் ஒரே அளவு விற்பனை என்று அட்டவணை போடுகிறார்கள். நிலக்கடலை அப்படியா வருகிறது? 2002 கம்பெனிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வந்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் ஏதாவது ஒன்றில் அறுவடைக் காலத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். விவசாயிக்கு எடை போட்டவுடன் பணம் வேண்டும், வாங்கும் மில்லோ ஒரு மாதம் கழித்துத்தான் கொடுக்கும். அந்த ஒரு மாதத்துக்கான நடைமுறை மூலதனம் இல்லாமல் நொண்டும் நிறுவனங்கள் எத்தனையோ. உங்கள் அட்டவணையில் அந்த ஒரு மாதத்துக்கு ஒரு வரிசை இருக்கிறதா?

மேற்படிப்பை மூன்றாம் வருஷத்திலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. ஆராய்ச்சி, ஆசிரியர் வேலை என்றால் வேளாண் பொருளாதாரத்தில் எம்.எஸ்சி., அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. நிறுவன வேலை என்றால் எம்.பி.ஏ. அகமதாபாத், லக்னோ ஐ.ஐ.எம்.களின் வேளாண் வணிகப் படிப்புகளுக்கு கேட் (CAT) தேர்வு எழுத வேண்டும். இரண்டுக்கும் தயாரிப்பே வேறு. வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, உங்கள் பட்டத்தின் பெயர் சான்றிதழில் இருக்கிறபடியே அந்த அறிவிப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சீனியர் எழுதினார் என்பதற்காகப் பணம் கட்டிவிடாதீர்கள். பட்டப் பெயர்கள் நடுவில் மாறியிருக்கின்றன.