பிள்ளை தன் பாலினம் பற்றிப் பேசும்போது: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பதின்ம வயதுப் பிள்ளை தன் பாலினம் பற்றியோ காதல் பற்றியோ தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்கினால், குறுக்கிடாமல் முழுவதையும் கேளுங்கள். அதைச் சொல்லும் துணிவு வருவதற்கே பல ஆண்டுகள் ஆகியிருக்கக்கூடும், "இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டுவிட்டால் பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

அடுத்து, பிள்ளை சொல்வது எதைப் பற்றியது என்று பிரித்தறிய வேண்டும். ஒருவர் தம்மை ஆணாகவோ, பெண்ணாகவோ, இவ்விரண்டிலும் அடங்காதவராகவோ உள்ளூர உணர்வது பாலின அடையாளம். யார்மீது காதலும் நாட்டமும் கொள்கிறார் என்பது பாலீர்ப்பு. திருநங்கை ஒருவர் ஆணை விரும்பலாம், பெண்ணையும் விரும்பலாம். தன்பால் ஈர்ப்புள்ள இளைஞர் தம்மை ஆணாகவே உணரலாம். ஆகவே ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்காதீர்கள். உடையையும் நடையையும் வைத்து முடிவுக்கு வருவது அதனினும் தவறு. ஊடுபால் என்பது இவ்விரண்டிலிருந்தும் வேறானது: ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காதவாறு பிறவியிலேயே அமையும் உடற்கூறு வேறுபாடு. அத்தகைய குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, பால் மாற்று அறுவைச் சிகிச்சை கூடாது என்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, தமிழக அரசு ஆணையிட்டது.

பிள்ளை புதிய பெயரில் அழைக்கச் சொன்னால் அப்படியே அழையுங்கள். ஆனால் அதற்கு முன், அந்தப் பெயர் வீட்டுக்குள் மட்டுமா, பாட்டி முன்னிலும் சொல்லலாமா, பள்ளி ஆசிரியருக்குத் தெரியலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் ஒப்புதலின்றி உறவினரிடம் சொல்வது, நல்லெண்ணத்துடன் செய்தாலும், பெருந்தீங்காக முடியலாம்.

"குணப்படுத்த" யாரிடமும் அழைத்துச் செல்லாதீர்கள் என்பதை மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே தன்பால் ஈர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. 2019-இல் ஏற்கப்பட்ட பட்டியலில் திருநர் அடையாளமும் மனநோய்ப் பிரிவில் இல்லை. பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளைப் புரிந்துகொள்ளத் தாமே உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே, 2021 ஜூன் 7 அன்று, பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் மாற்ற முயலும் சிகிச்சைகளைத் தடைசெய்யும் உத்தரவைப் பிறப்பித்தார். நீதிபதி ஒருவரே கற்றுக்கொள்ள முன்வந்தார் எனில் பெற்றோர் தயங்கக் காரணமில்லை.

பிள்ளைக்கு மனச்சோர்வோ உறக்கமின்மையோ இருந்தால் உளவியல் ஆலோசகரின் உதவி கட்டாயம் தேவை. முதல் சந்திப்புக்கு நீங்கள் மட்டும் சென்று, அவர் எப்படி உதவுவார் என்று நேரடியாகக் கேளுங்கள். "மாற்றிவிடலாம்" என்று அவர் சொன்னால், வேறொருவரை நாடுங்கள்.